பிந்தும் பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல

(தோட்டக் கமிட்டியின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கவும், விறகு பொறுக்கவும், கொஞ்சம் காலை நீட்டி உட்காரவும் உங்களுக்கு இருக்கிற ஒரே நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். சம்பளத்தைப் பற்றியும் காணி, வீட்டைப் பற்றியும் பேச நம்முடைய சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நம் பிள்ளைகளின் மனவளர்ச்சியைப் பற்றி. இது சங்கத்து விஷயமா, ஆஸ்பத்திரி விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மூன்றாம் தரத்தில் எனக்கு ஒரு பையன் இருந்தான். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. அம்மாயிதான் வளர்த்தார். "கொப்பியை எடு" என்றால் எடுக்க மாட்டான். சொல்வதெழுதுதல் வைத்தால் வெறும் தாளை நீட்டுவான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். கடைசி வாங்கில் உட்கார வைத்தேன். மற்றப் பிள்ளைகள் "மக்கு" என்று கூப்பிட்டபோது நான் தடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றிரண்டு தடவை நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் பலகையில் எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன். அவன் பேசாமல் இருந்தான். கோபத்தோடு திரும்பி அவன் முகத்துக்கு நேரே நின்று அதே கேள்வியைக் கேட்டேன். உடனே சரியான பதில் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என் வாயைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான்! அம்மாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சின்னதுல இருந்தே காதுல சீழ் வரும் டீச்சர், எண்ணெய் காய்ச்சி விடுவோம்" என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு காதிலும் கேட்கும் சக்தி குறைந்திருந்தது. மருந்து கொடுத்தார்கள். பிறகு முன் வாங்கு, முகம் பார்த்துப் பேச்சு. மெல்ல மெல்லப் படிக்கத் தொடங்கினான். ஆனால் இரண்டு வருடம் போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தை நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்தப் பையனிடம் இருந்துதான் நான் இந்தப் பாடத்தைப் படித்தேன். ஒரு பிள்ளை பிந்துகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை நேரத்தோடு தேட வேண்டும். பட்டம் சூட்டுவதால் எதுவும் தெரியவராது.

எது சாதாரணம்?

எல்லா மலையும் ஒரே நாளில் கொழுந்து விடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு மலை ஏழு நாளில் சுற்று வரும், இன்னொன்று பத்து நாள் எடுக்கும். அதற்காக அதைக் கெட்ட மலை என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினொரு மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கு மாதத்தில் நடந்தது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுவது அந்த வயதின் குணம். கோபம் வருகிறது, அதைச் சொல்ல வார்த்தை இல்லை, அவ்வளவுதான். மூன்று நான்கு வயதில் பேச்சுக் கொஞ்சம் திக்கலாம், பல பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஐந்து வயது வரை இரவில் பாயை நனைப்பதும் சாதாரணம். அதற்கு அடிக்கக் கூடாது. அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் பாய் இன்னும் நனையும்.

வயது வந்த பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதும், கண்ணாடியை விட்டு நகராமல் இருப்பதும், வீட்டாரைவிடச் சினேகிதர்களை நம்புவதும் அந்த வயதின் வேலைதான். அவசரத்தை அடக்கி யோசித்து முடிவெடுக்கிற மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உடம்பு வளர்ந்துவிட்டது என்பதற்காக மனமும் முதிர்ந்துவிட்டது என்று நாம் எண்ணக் கூடாது.

எப்போது போய்க் காட்ட வேண்டும்?

ஒரு செடி மட்டும் மஞ்சளித்து நின்றால் பார்க்காமல் போவோமா? பிள்ளையிடமும் சில அடையாளங்கள் உண்டு. இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாகியும் தாயின் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை. பெரிய சத்தம் கேட்டாலும் திடுக்கிடாத பிள்ளை. ஒன்பது மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் உட்காராத பிள்ளை. ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளை, ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை. இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத பிள்ளை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே வைத்தியரிடம் போக வேண்டும்.

இந்த அடையாளம் இருந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். காதாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம். இரத்தச்சோகையால்கூடப் பிள்ளை சோர்ந்து கவனமில்லாமல் இருக்கும். பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறியிருக்கலாம். பிறப்பிலேயே வந்த டவுன் சின்ட்ரோம் போன்ற நிலையாக இருக்கலாம். ஓட்டிசமாக இருக்கலாம்.

பாடசாலைக்கு வந்த பிறகு தெரியவருபவையும் உண்டு. கதை சொன்னால் எல்லாம் விளங்கும், வாயால் கேட்டால் பதில் வரும், எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்று வைத்தியர்கள் சொல்லும் வாசிப்புச் சிரமம் அது. புத்தி குறைவு இல்லை. இன்னும் சில பிள்ளைகளால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. வீட்டிலும் பாடசாலையிலும் கோவிலிலும் எல்லா இடத்திலும் அப்படியே இருந்தால், அது குழப்படி அல்ல, கவனக் குறைபாட்டு நிலையாக இருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பிரம்பு ஒன்றும் செய்யாது. பாடம் சொல்லும் விதத்தை நாங்கள்தான் மாற்ற வேண்டும்.

"நான் என்ன பாவம் செய்தேன்?"

இரண்டு வருடங்களுக்கு முன் கொழுந்து எடுக்கும் ஒரு தாய் மாலையில் என்னைத் தேடி வந்தார். மகளுக்கு நான்கு வயது. பேச்சு இல்லை. முகம் பார்க்காது. சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும். திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். மூன்று கோவிலில் நூல் கட்டியாயிற்று. கர்ப்பமாக இருக்கும்போது கிரகணத்தன்று வெளியே போனாய் என்று மாமியார் குற்றம் சொல்கிறார். புருஷன் பேசுவதில்லை. "டீச்சர், நான் என்ன பாவம் செய்தேன்?" என்று அவர் அழுதார்.

தாயைக் குற்றம் சொல்வது நம் லயத்தில் மட்டும் நடக்கிற காரியமில்லை. ஓட்டிசத்தைப் பற்றி லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் எழுதியது 1943ல். அதன் பிறகு பல வருடங்களாக, தாய் அன்பில்லாமல் வளர்த்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு நொந்திருப்பார்கள்! பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானே ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், 1964ல் ஒரு புத்தகம் எழுதி அந்தக் கதை பிழை என்று காட்டினார். இன்று எந்த வைத்தியரும் அப்படிச் சொல்வதில்லை. ஓட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாயின் பாவமும் இல்லை, கிரகணமும் இல்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை. கிளினிக்கில் போடுகிற தடுப்பூசியும் காரணம் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பி ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவள்தான். நேர்த்தி வையுங்கள், அதோடு கிளினிக்குக்கும் போங்கள். ஒன்றுக்காக மற்றதைப் பிந்த விடாதீர்கள். சின்ன வயதில் மூளை வேகமாக வளர்கிறது. பேச்சுப் பயிற்சியோ வேறு பயிற்சியோ அப்போது தொடங்கினால் பலன் அதிகம்.

மனதின் காயம்

பிறப்பிலேயே வரும் வித்தியாசம் ஒரு பக்கம். வீட்டில் நடப்பதால் வரும் காயம் இன்னொரு பக்கம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று படிப்பில் விழுந்தால், மறுபடி பாயை நனைத்தால், வயிற்றுவலி என்று பாடசாலைக்கு வராமல் நின்றால், முதலில் வீட்டில் என்ன நடந்தது என்றுதான் நான் இப்போது கேட்கிறேன். தாய் வெளிநாடு போயிருப்பார். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைச் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு பிள்ளை கேட்டிருக்கும். லயத்துக் காம்பராவில் பிள்ளை பார்க்காமல் எதையும் மறைக்க முடியாது. பிள்ளை உறங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது உறங்குவதில்லை. வீட்டிலோ வெளியிலோ யாராவது பிள்ளையைத் தொடக் கூடாத விதத்தில் தொட்டிருக்கவும் கூடும். அப்படிச் சந்தேகம் வந்தால் மானம் போகும் என்று மூடி மறைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அதன் காது கேட்கச் சொல்லுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் முகம் வாடுவது எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, கிரிக்கெட் விளையாடப் போனவன் போவதில்லை, "நான் எதற்கும் உதவாதவள்" என்று பேசுகிறாள் என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல, மனச்சோர்வு என்ற நோய். அதற்கு வைத்தியம் உண்டு. சாதாரண தரப் பரீட்சை முடிவு வருகிற நேரத்திலும், காதல் முறிகிற நேரத்திலும் கூடுதலாகக் கவனியுங்கள். "செத்துப் போகலாம் போல இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் பாரம்தான் குறையும். கேட்ட பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிறகு அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. முக்கியமான காரணம், மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்ததுதான். நம் மலைகளில் புல்லுக்கு அடித்த பராகுவாட்டும் அதில் ஒன்று. நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால், அந்த ஒரு நிமிட ஆத்திரம் கடந்துவிடுகிறது, உயிர் தப்பிவிடுகிறது. ஆகவே மருந்துப் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள். தோட்டத்து மருந்து ஸ்டோரில் பூட்டுக்குள் இருக்கட்டும். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. எந்த நேரமும் பேசலாம். அந்த நிறுவகம் இருப்பது அங்கொடையில். "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று நாம் ஆளை ஆள் கேலி செய்கிறோமே, அந்தக் கேலியால்தான் வைத்தியம் வேண்டியவர்கள் வெளியே வரப் பயப்படுகிறார்கள். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுவோம்.

எங்கே போவது?

முதல் ஆள் நம் குடும்பநல மாது. பிள்ளை பிறந்ததும் கிளினிக்கில் கொடுத்த வளர்ச்சிப் புத்தகம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நிறை பார்க்கவும் ஊசிக்கும் மட்டும்தான் அதைத் திறக்கிறோம். எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது என்னிடம் கொண்டு வாருங்கள். மாது சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பிள்ளை வைத்தியரும் மனநலப் பிரிவும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. போகும்போது நீங்கள் கவனித்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பிள்ளைக்குத் தெரிந்த பாஷையில் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழ்ப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அது பிள்ளையின் குறை அல்ல.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மாட்டோம் என்று யாராவது சொன்னால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது என்று சொல்லுங்கள். அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்க முடியாது. பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டிய பிள்ளைக்கு வைத்தியச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பித் தருவது என் வேலை.

இது ஏன் சங்கத்து விஷயம்?

அந்தச் சோடா மூடி அடுக்குகிற பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஓட்டிசம் என்றார்கள். மாதம் ஒருமுறை பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். முதல் மாதம் போனார். அடுத்த மூன்று மாதம் போகவில்லை. நான் கோபத்தோடு கேட்கப் போனேன். அவர் கணக்குச் சொன்னார். அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு போக வர. வெளியில் சாப்பாடு. புருஷனும் கூட வந்தால் இரண்டு பேரின் பேர் போகும். "பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தா அடுத்த பிள்ளைக்குச் சோறு இல்ல டீச்சர்" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. அக்கறை இல்லாத தாய் என்று நினைத்து நான் படியேறினேன். மாதச் சம்பளம் வாங்குகிற நான் லீவு போட்டால் என் சம்பளம் குறையாது. அவருக்குக் குறையும்.

அவரோடு மலையில் நிற்கும் பெண்கள் இதைக் கேட்டுவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அடுத்த மாதம் பஸ் காசு கொடுத்தார்கள். இன்றும் கொடுத்து வருகிறார்கள். அவர்களில் சிலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைகூப்புகிறேன். அந்தப் பிள்ளை இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து "தண்ணி" என்கிறது. இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அந்தத் தாய் எவ்வளவு அழுதார் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் தோழர்களே, ஒரு பிள்ளையின் வைத்தியம் எந்த நாளும் பக்கத்து மலைப் பெண்களின் முந்தானை முடிச்சை நம்பி இருக்க முடியாது. அது உரிமையாக வேண்டும். பிரசவ விடுமுறை 84 நாட்கள் எப்படி வந்தது? மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள் என்று 2018ல் சட்டம் திருத்தப்பட்டது எப்படி? யாரோ கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேலை நேரத்தில் பாலூட்ட இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. எத்தனை மலையில் அதை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் நான்கு விஷயங்களை வைக்கிறேன்.

ஒன்று, வளர்ச்சிக் குறைபாட்டுக்கோ மனநலத்துக்கோ பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ, கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். இதை நிர்வாகத்துடனான அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் முன்வைக்க வேண்டும்.

இரண்டு, பிள்ளைக் காம்பராவில் இருக்கும் ஆயம்மாமார்களுக்கு இந்த அடையாளங்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் சொல்லிக் கொடுக்கக் கேட்க வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பது அவர்கள்தான். பால் கொடுத்துத் தூங்க வைப்பதோடு, பேசவும் பாடவும் கதை சொல்லவும் அவர்களுக்கு நேரமும் ஆட்களும் வேண்டும்.

மூன்று, சிங்களம் தெரிந்த நம் பிள்ளைகள் சிலர் பெயர் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயோடு முறை வைத்துக் கூடப் போக வேண்டும்.

நான்காவதற்கு நிர்வாகமும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம். "மக்கு", "பைத்தியம்", "அரைவேக்காடு" என்ற வார்த்தைகளை எந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்லக் கூடாது. பாடசாலையில் நான் பொறுப்பு. லயத்தில் நீங்கள் பொறுப்பு. அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போவது பொம்பளை வேலை என்று இருக்காதீர்கள். மாதத்தில் ஒரு முறை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். மாலையில் ஒரு அரைமணி நேரம் போனை வைத்துவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

என் மூன்றாம் தரத்துப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். போன வாரம் கடைத் தெருவில் கண்டேன். "டீச்சர், இந்தப் பக்கமா நின்னு பேசுங்க, இந்தக் காதுதான் நல்லாக் கேக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மூன்றாம் தரத்தில் அவனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவள் நான்.

இந்த நான்கு விஷயத்துக்கும் சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள். தலைவர் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும்.